தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை

முதலில் ரீத்தா அதைத் தன் விரல் பட்ட கறை என்றுதான் நினைத்தாள்.

இருட்டறையின் சிவப்பு விளக்கின் கீழ், படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ மருந்துத் தொட்டியிலிருந்து தூக்கிப் பிடித்த எக்ஸ்ரே படத்திலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது. மருந்தின் புளித்த வாடையும், சுவருக்கு அப்பால் வயலில் நடந்துகொண்டிருந்த கன்னிப்பூ நெல் அறுப்பின் பச்சை வைக்கோல் வாடையும் ஒன்றாய்க் கலந்து, கதவிடுக்கில் செருகியிருந்த கறுப்புத் துணியையும் மீறி அந்தச் சின்ன அறைக்குள் தேங்கிக் கிடந்தன. படத்தில் வலது நுரையீரலின் கறுப்புக்குள், மூன்றாம் விலாவுக்கும் நான்காம் விலாவுக்கும் நடுவில், ஒரு வெள்ளைப் பொட்டு. சுண்டைக்காய் அளவு இருக்கும். படத்தை மறுபடியும் தண்ணீரில் அலசினாள். போகவில்லை. ஈர விரலால் மெல்லத் தடவிப் பார்த்தாள். அது படத்தின் மேல் இல்லை. படத்துக்குள் இருந்தது.

அது 1953-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம். பள்ளிக்கூட வாத்தியார்கள் எல்லோரும் நெஞ்சைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. பிள்ளைகளுக்கு க்ஷயம் தொற்றிவிடக்கூடாது என்ற முன்ஜாக்கிரதை. சுசீந்திரம் போகிற சாலையில் வயலுக்கு நடுவே இருந்த அந்த நெஞ்சு ஆஸ்பத்திரிக்கு, தினம் பதினைந்து இருபது வாத்தியார்கள் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே வந்து வரிசையில் நின்றார்கள். படம் எடுப்பதும் கழுவுவதும் ரீத்தாவின் வேலை. திருவனந்தபுரத்தில் ஒரு வருஷம் அதைப் படித்து வந்தவள் அவள். படத்தின் மூலையில் ஈயத்தால் செய்த எண் விழும், பெயர் விழாது. வெள்ளையாகத் தெரிவதைத்தான் அந்தத் தொழிலில் நிழல் என்பார்கள். காற்று இருக்கிற இடம் கறுக்கும். காற்று இல்லாத இடம் வெளுக்கும்.

மூலையில் இருந்த எண் நாற்பத்தொன்று.

கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து பதிவேட்டைப் புரட்டினாள். நாற்பத்தொன்று: மரியஜான், வயது முப்பத்தாறு, டிரில் மாஸ்டர்.

அவள் புருஷன்.

ஒரு மணி நேரம் முன்புதான் அவனை அந்த இயந்திரத்தின் முன் நிறுத்தித் தோளைப் பிடித்து நேராக்கியிருந்தாள். இப்போது அவன் ஆஸ்பத்திரி வாசலில் மற்ற வாத்தியார்களோடு நின்று உரக்கச் சிரித்துக்கொண்டிருந்தான். முட்டத்துக் கடற்கரையில் பிறந்தவன். பாறையில் மோதும் அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. அவளைக் கண்டதும் கையாட்டினான்.

"என்னட்டி, எனக்க நெஞ்சைத் திறந்து பாத்தியா? உள்ள உனக்க மூஞ்சி தெரிஞ்சுதா?"

வாத்தியார்கள் சிரித்தார்கள். ரீத்தாவும் சிரித்தாள். அப்போது சிரித்தது எப்படி என்று பின்னால் பலமுறை யோசித்திருக்கிறாள்.

டாக்டர் தாணுமாலயன் படத்தை ஒளிப்பெட்டியில் மாட்டி வெகுநேரம் பார்த்தார். ஐம்பது வயதுக்காரர், வேகமாக ஒரு வார்த்தையும் பேசமாட்டார். இரு முனைகளும் ஊசிபோல் இருந்த கவராயத்தை எடுத்து வெள்ளைப் பொட்டின் இரண்டு ஓரத்திலும் வைத்தார். பிறகு அதை அப்படியே அளவுகோலின் மேல் வைத்தார்.

"பன்னிரண்டு மில்லிமீட்டர்."

"என்ன சார் இது?"

"இப்படி உருண்டையா நிக்கது பலதும் பழைய க்ஷயத்துக்க மிச்சம். கல்லு மாதிரி கிடக்கும். ஆயுசுக்கும் ஒண்ணும் செய்யாது. இன்னொரு வகை உண்டும். அது வளரும்."

"இது எது?"

"ஒரு படம் சொல்லாது, ரீத்தா. நாளுதான் சொல்லும். தொண்ணூறு நாள் கழிச்சு இன்னொண்ணு எடுப்போம். அளந்து பாப்போம்."

"அவியகிட்ட என்ன சொல்லட்டு?"

டாக்டர் விளக்கை அணைத்தார். "ஒண்ணும் சொல்லண்டாம். அது வெறும் தழும்பா இருந்தா, ஒரு நல்ல மனுசனை நாமளே பயங்காட்டிக் கொன்ன பாவம் வரும். பழைய சளி, அடுத்த தவணை பாக்கணும்னு சொல்லு."

அவள் அப்படியே சொன்னாள். மரியஜான் நம்பினான். அவளிடம் அவன் எதைத்தான் நம்பவில்லை?

டிசம்பரில் எடுத்த படத்தில் அது பதினைந்து மில்லிமீட்டர் இருந்தது.

மூன்று மில்லிமீட்டர். ஒரு பச்சரிசியின் பாதி நீளம். ரீத்தா அந்த அளவைப் பிடித்துக்கொண்டு தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். ஆனால் டாக்டரின் முகம் மாறியிருந்தது. மேசையில் கிடந்த காகிதத்தில் இரண்டு வட்டங்கள் வரைந்தார்.

"குறுக்களவை மட்டும் பாக்கப்பிடாது. இது உருண்டை. மாவு உருட்டுகிறவளுக்குச் சொல்லணுமா? குறுக்கே கால்பங்கு கூடினா உள்ள இருக்கிற மாவு இரட்டி ஆயிருக்கும்."

"அப்போ மூணு மாசத்தில..."

"இரட்டி."

அன்று வீட்டுக்குப் போய்க் கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்தவள், இரண்டு உருண்டைகளைப் பிடித்து ஒன்றாக்கி உருட்டிப் பார்த்தாள். சேர்த்த உருண்டை ஒற்றை உருண்டையைவிடக் கொஞ்சம்தான் பெரிதாகத் தெரிந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. இரட்டித்தது தெரியாமல் இரட்டிக்கிற ஒன்று. ஆறு வயது லீமா பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, எனக்கு ஒண்ணு" என்று கை நீட்டியபோது, அவள் அந்த மாவை அப்படியே கொல்லையில் எறிந்துவிட்டு வேறு மாவு நனைத்தாள்.

அதற்குப் பிறகு தொண்ணூறு நாள் என்பது அவளுக்குள் ஒரு மாதக்கணக்கு போலப் பதிந்துவிட்டது. வீடு கோட்டாறில் ஒரு சந்துக்குள் இருந்தது. காலையில் மரியஜான் பல் விளக்கும் சத்தம், கிணற்று உருளையின் கிறீச்சொலி, சவேரியார் கோவில் மணி, சந்து முனையில் சுக்குக் காப்பி கொதிக்கும் வாசனை, எல்லாம் முன்போலவே இருந்தன. அவன் இருமவில்லை. மெலியவில்லை. மாறாக உடம்பு போட்டான். கன்னம் பளபளத்தது. பள்ளிக்கூட மைதானத்தில் அவன் போடும் சத்தம் சந்துவரை கேட்டது. பார்த்தவர்கள் எல்லாம், "மாஸ்டரு நல்லா திரண்டு வாறாரு, உனக்க கைச்சோறு அப்படி" என்று அவளிடம் சொன்னார்கள். அவள் தலையசைத்தாள். அவன் சாப்பிடும்போது உருண்டை உருண்டையாகச் சோறு உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எதற்குப் போகிறது அது என்று நினைப்பாள். உடனே எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவாள்.

மார்ச் மாதப் படத்தை அவளே முதலில் அளந்தாள். டாக்டரின் ஏற்பாடு அப்படி: அவள் தனியாக அளந்து எழுத வேண்டும், அவர் தனியாக அளப்பார், பிறகு ஒப்பிட வேண்டும். கவராயம் பத்தொன்பது காட்டியது. அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு பதினெட்டு என்று எழுதினாள்.

டாக்டர் தன் துண்டுக் காகிதத்தைப் பிரித்தார். அதில் பத்தொன்பது என்று இருந்தது. அவர் அதைப் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே, முந்தின நாளே எழுதி மடித்து வைத்திருந்தார். இரட்டிப்பதை நேர்கோடாகக் காட்டும்படி கட்டங்கள் போட்ட நீளமான தாளில் முதல் இரண்டு அளவுகளையும் புள்ளி வைத்து, கோட்டை நீட்டிப் பார்த்து எழுதியதாம்.

"திரும்ப அள, ரீத்தா."

அவள் திரும்ப அளந்தாள். பத்தொன்பது.

"ஒரு மில்லிமீட்டர் குறைச்சு எழுதினா அது குறைஞ்சிருமா, மக்கா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார். அவள் அழவில்லை. அவர்தான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் இத்தன வருசம் பாத்ததில எதுவும் இப்படி நேர்கோட்டில வளந்ததில்ல. ஒருநாள் முன்ன பின்ன ஆவும். இது நாள் தப்பவே இல்ல."

அன்று அவர் தாளை மேசையிலேயே வைத்துவிட்டு வார்டுக்குப் போயிருந்தார். மூன்று புள்ளிகள். மூன்றையும் தொட்டுக்கொண்டு ஒரு கோடு. ரீத்தா அளவுகோலை வைத்துக் கோட்டைப் பின்பக்கமாக நீட்டினாள். பன்னிரண்டுக்கு முன்னால் ஒன்பதரை, ஏழரை, ஆறு. இன்னும் முன்னால் கடுகு. மணல். மணலிலும் சின்னது. கோடு தாளின் அடியைத் தொட்ட இடத்தில் 1946 என்று வந்தது. அந்த வருஷம் ஜனவரியில்தான் அவர்களுக்குக் கல்யாணம். முட்டத்துக் கோவிலில், புது வேட்டியின் கஞ்சி வாசனையோடு அவன் அவள் கழுத்தில் மின்னுத் தாலி கட்டியபோது, அவ்வளவு பக்கத்தில் அவன் விட்ட மூச்சு அவள் நெற்றியில் பட்டது. அப்போதே அது உள்ளே இருந்திருக்கிறது. அவளுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்திருக்கிறது.

பின்பக்கம் நீட்டியவள் முன்பக்கம் நீட்டவில்லை. தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

மே மாத விடுமுறையில் முட்டத்துக்குப் போயிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டு, மரியஜான் ஓலைக் கூரையின் கீழே பாயில் குப்புறப் படுத்துத் தூங்கினான். வெளியே வெயில் வெள்ளையாகக் கொதித்தது. லீமா மணலில் விளையாடிக்கொண்டிருந்தாள். காயப்போட்ட நெத்திலியின் வாடை, வலையில் பூசிய மரப்பட்டைச் சாயத்தின் வாடை, அதற்கெல்லாம் அடியில் ஓயாத கடல். அந்த வீட்டில் கடல் கேட்காத இடமே கிடையாது. சுவரில் காதை வைத்தாலும் கேட்கும், பானைக்குள் தலையை விட்டாலும் கேட்கும்.

ரீத்தா குனிந்து அவன் முதுகில் காதை வைத்தாள். இடது பக்கம். மூச்சு இரைந்து போய் வந்தது. அதன் பின்னால் கடல். கீழே. நடுவில். பிறகு வலது தோள்பட்டைக்குக் கீழே, எந்த இடம் என்று அவளுக்கு மட்டுமே தெரிந்த அந்த இடத்தில் வைத்தாள்.

சத்தம் நின்றது.

மூச்சு மட்டுமல்ல, கடலும் நின்றது. வெளியே லீமா பாடிக்கொண்டிருந்ததும் நின்றது. கிணற்றுக்குள் தலையை விட்டது மாதிரி ஒரு அடைப்பு. அவள் காதை எடுக்க நினைத்தாள், எடுக்க முடியவில்லை. தோலுக்கு அந்தப் பக்கம், அவள் காதுக்கு நேர் எதிரே, ஒன்று அசையாமல் இருந்தது. அவள் அதைக் கேட்கிற மாதிரியே, அதுவும் அவளைக் கேட்டுக்கொண்டிருந்தது.

"என்னட்டி?" என்று தூக்கத்தில் மரியஜான் புரண்டான். கடல் திரும்ப வந்தது.

"ஒண்ணும் இல்ல. ஈ இருந்துது."

ஜூனில் இருபத்துநான்கு. டாக்டர் தாணுமாலயன் சென்னைப் பட்டணத்தில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்கிற ஒரு பெரிய டாக்டருக்குக் கடிதம் எழுதினார். பதில் வரவே ஜூலை ஆகிவிட்டது. ஆகஸ்டில் மேற்கே போராட்டக்காரர்கள் மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து ஊரெல்லாம் கலங்கிக் கிடந்ததில் பயணம் இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போனது. கடைசியில் திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போய் ரயில் ஏறினார்கள். கோவில்பட்டி தாண்டி, கரிசல் காட்டில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தபோது, ரீத்தா அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். புகை வாடையும் கரித்தூளும் ஜன்னல் வழியே வந்து முகத்தில் அப்பின. அவன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பழைய சளின்னியே."

"டாக்டர் சொல்லண்டாம்னாரு."

"நீ அளந்துக்கிட்டேயா இருந்தே?"

"ஆமா."

"ஒரு வருசமா. என்கூட ஒரே பாயில கிடந்துக்கிட்டு."

அவள் முகத்தில் அப்பிய கரித்தூளை முந்தானையால் துடைத்தாள். அவன் திரும்பினான். கோபம் இருக்கும் என்று நினைத்தாள். இல்லை. ஒரு குழந்தை தன்னுடைய மதிப்பெண்ணைக் கேட்பது மாதிரி இருந்தது முகம்.

"இப்போ எத்தற இருக்கு?"

"இருபத்துநாலு. அது ஜூன்ல."

"காட்டு."

அவள் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்துக் காட்டினாள். அவன் அந்த இடைவெளியைப் பார்த்தான். அதற்குள் தன் விரலை நுழைத்துப் பார்த்தான். "இம்புட்டுத்தானா" என்று சிரித்தான்.

சென்னை டாக்டர் படங்களை வரிசையாக மாட்டிப் பார்த்துவிட்டு ரீத்தாவைத் தனியாகக் கூப்பிட்டார். அது இப்போது பெரிய இரத்தக் குழாயைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. கத்தி வைத்தால் மேசையிலேயே போய்விடுவார். "போன வருஷமே வந்திருக்கலாமே" என்றார். அவர் குற்றம் சொல்லவில்லை. வருத்தத்தோடுதான் சொன்னார். வளர்கிறதா என்று தெரியாமல் யாரும் வந்திருக்க மாட்டார்கள் என்று அவருக்கே தெரியும். வளர்கிறது என்று தெரிவதற்குள் அது வளர்ந்துவிட்டது.

செப்டம்பரில் முப்பது. டிசம்பரில் முப்பத்தெட்டு. இரண்டு முறையும் மடித்த காகிதத்தில் முந்தின நாளே அந்த எண் இருந்தது. டிசம்பர்ப் படத்தை இறக்கிய பிறகு டாக்டர் தாணுமாலயன் கட்டம் போட்ட தாளை நான்காக மடித்து மேசை டிராயருக்குள் போட்டுப் பூட்டினார்.

"இனி படம் வேண்டாம், ரீத்தா. அறிஞ்சு என்ன செய்யப் போறோம்? நானும் வயித்தியம் பாக்கேன்னு நினைச்சிருந்தேன். அளந்துக்கிட்டுதான் இருந்திருக்கேன்."

ரீத்தா கோவிலில் மெழுகுதிரி கொளுத்தினாள். சவேரியாரிடம் பேரம் பேசினாள். தன் ஆயுசில் பாதி என்றாள், முழுசு என்றாள். லீமாவைத் தவிர வீட்டிலிருக்கிற எதை வேண்டுமானாலும் என்றாள். திரிகள் எரிந்து தீர்ந்தன.

மரியஜானோ பயப்படுவதை விட்டுவிட்டான். புது வருஷம் பிறந்த பிறகு அவன் உரக்கச் சிரிப்பது குறைந்தது, குரல் அடங்கியது. ஆனால் சோர்வு இல்லை. மாசி வெயிலில் மைதானத்தில் நின்றும் வேர்க்கவில்லை. இரண்டு கவளம் சோற்றோடு எழுந்துவிடுவான், மெலியவும் இல்லை. பிப்ரவரிக் கடைசியில் பள்ளிக்கூட ஓட்டப் பந்தயம். ரீத்தா வேலிக்கு வெளியே நின்று பார்த்தாள். பையன்களோடு சேர்ந்து அவனும் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடினான். ஓடி முடித்த பையன்கள் முட்டியில் கையூன்றி நாய்க்குட்டிகள் மாதிரி இரைத்தார்கள். அவன் அவர்கள் நடுவில் நேராக நின்று, வாயை மூடிக்கொண்டு, வேலியோரத்தில் அவளைப் பார்த்தான்.

அவள் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். யாரிடம் சொல்வது? என்னவென்று சொல்வது? என் புருஷன் களைக்கவில்லை என்றா?

மார்ச் ஒன்றாம் தேதி. தொண்ணூறாவது நாள். அன்று அவள் அதை மறக்க முயன்றுகொண்டிருந்தாள். டாக்டர் திருவனந்தபுரம் போயிருந்தார். காலம் தப்பி ஒரு மழை பிடித்து, ஆஸ்பத்திரி ஓட்டின் மேல் இரைந்துகொண்டிருந்தது. நோயாளிகள் யாரும் வரவில்லை. மூன்றரை மணிக்கு நடையில் காலடிச் சத்தம் கேட்டது. மரியஜான். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் லீமா. பள்ளிக்கூடத்திலிருந்து அவளை அழைத்துக்கொண்டு நேராக வந்திருந்தான்.

"இன்னைக்கு நாள் ஆச்சுல்லா?" என்றான்.

"டாக்டர் வேண்டாம்னாரு."

"நீ எடு."

"எதுக்குங்க? வேண்டாம். வீட்டுக்குப் போவோம்."

"எடு, பிள்ளே. எத்தற இருக்குன்னு பாக்கணும்."

அவன் குரலில் வற்புறுத்தல் இல்லை. அதனால்தான் அவளால் மறுக்க முடியவில்லை. லீமாவை நடையிலிருந்த பெஞ்சில் உட்காரவைத்தாள். அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். தகட்டின் முன் போய் நின்றான். முகவாயை மேலே தூக்கி, இடுப்பில் கையை ஊன்றி, முழங்கையை முன்னால் தள்ளி, அவள் சொல்லாமலேயே எல்லாவற்றையும் செய்தான். அவள் பின்னால் ஒதுங்கி நின்றாள்.

"மூச்சை உள்ள இழுங்க. பிடிச்சுக்கிடுங்க."

பொத்தானை அழுத்தினாள். இயந்திரம் ஒருமுறை உறுமி நின்றது. தகட்டுப் பெட்டியை உருவிக்கொண்டு இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

மழைச் சத்தம் உள்ளே அமுங்கிக் கேட்டது. சிவப்பு விளக்கு. மருந்துத் தொட்டி. படத்தை மாட்டி இறக்கினாள். மெல்ல ஆட்டினாள். நாற்பத்தெட்டு இருக்கும். எடுக்காமலேயே தெரியும். நாற்பத்தெட்டு.

கறுப்பு வர ஆரம்பித்தது. முதலில் உடம்புக்கு வெளியே. தோளுக்கு மேலே இருந்த காற்று கறுத்தது. கழுத்துக்கு இரண்டு பக்கமும் கறுத்தது. கைகளின் வெளிவரம்பு தெரிந்தது.

நெஞ்சுக்குள் கறுப்பு வரவில்லை.

காத்திருந்தாள். ஆட்டினாள். மருந்து பழசாக இருக்கும். இல்லை, காலையில்தான் கலக்கியது. மூன்று நிமிஷம். நான்கு. வெளியே மைபோலக் கறுத்துவிட்டது. உள்ளே பால். கழுத்தெலும்பிலிருந்து வயிறு வரை, இந்த விலாவிலிருந்து அந்த விலா வரை, ஒரே பால். இதயம் எங்கே என்று தெரியவில்லை. வலது எது, இடது எது என்று தெரியவில்லை. அளக்க ஓரம் இல்லை.

காற்று இருந்தால் கறுக்கும்.

ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை.

"ரீத்தா." சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவன் குரல். தெளிவான, நிதானமான குரல். "எத்தற?"

அவள் படத்தை ஹைப்போவில் முக்கி, கணக்கில்லாமல் நின்று, வெளியே எடுத்தாள். விளக்கைப் போட்டாள். வெள்ளை. கதவைத் திறந்தாள்.

அவன் அவள் விட்டுப்போன இடத்திலேயே நின்றான். முகவாய் மேலே. இடுப்பில் கை. முழங்கை முன்னால். வெற்று முதுகு அவளைப் பார்த்திருந்தது. அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. மூச்சை விடலாம் என்று அவள் சொல்லவில்லை.

சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு நிமிஷம்.

முதுகைப் பார்த்தாள். விலாவெலும்பு ஏறவில்லை. இறங்கவில்லை. அவள் எண்ணினாள். பத்து. இருபது. முப்பது. கையிலிருந்த படத்திலிருந்து நீர் அவள் காலில் சொட்டியது.

"மூச்சை விடுங்க."

அவன் தலையை மட்டும் திருப்பினான். அவளைப் பார்த்து அன்போடு சிரித்தான்.

"எதுக்குப் பிள்ளே?"

பேசும்போதும் மார்பு அசையவில்லை. சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டினான். ஐந்து பொத்தான். அவள் கையிலிருந்த படத்தை வாங்கிப் பார்க்கவில்லை. குடையை எடுத்தான். "வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவள் போனாள். வேறென்ன செய்வாள்? பெஞ்சிலிருந்து லீமா குதித்து ஓடிவந்தாள். அவன் அவளைத் தூக்கிக்கொண்டான். ரீத்தா கையை நீட்டினாள். "இங்க தாங்க, நான் எடுக்கேன்." அவன் கொடுக்கவில்லை. லீமாவும் வரவில்லை, அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

பஸ்ஸில் கூட்டமில்லை. ஜன்னல்களின் படுதாவை இறக்கிக் கட்டியிருந்தார்கள். ஈரத் துணியின் வாடை. பெட்ரோல் வாடை. மூவரும் ஒரே இருக்கையில். லீமா அவன் மடியில் ஏறி, மார்பில் சாய்ந்து, பஸ் பாலத்தை நெருங்குவதற்குள் தூங்கிவிட்டாள்.

மரியஜான் பாடிக்கொண்டிருந்தான். மாதா பாட்டு. உதடு பிரியாமல், மெல்லிய முணுமுணுப்பாக. ரீத்தா அவன் ஒரு அடியை முடித்து நிறுத்துவான் என்று காத்திருந்தாள். பாடுகிற யாரும் ஓரிடத்தில் நிறுத்தித்தான் ஆக வேண்டும். முதல் அடி முடிந்தது. இரண்டாவது தொடங்கியது. நடுவில் இடைவெளி இல்லை. மூன்றாவது. நான்காவது. ஒரே இழையாக. பாலம் தாண்டியது. கடைத்தெரு வந்தது.

அவன் கை குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தது. குழந்தையின் சின்ன முதுகு ஏறி இறங்கியது, ஏறி இறங்கியது. அதன் கீழே அவன் மார்பு, சட்டைத் துணியின் ஒரு மடிப்புக்கூட அசையாமல், அப்படியே இருந்தது. பாட்டு நிற்கவில்லை.